பாட்டன் ஊரைத் தேடுகிறவர்கள் முதலில் கங்காணியின் ஊரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஜொகூர் அன்பர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். பாட்டனாரின் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு வம்சாவளித் தளம் ஒன்றுக்கு மூன்று மாதம் பணம் கட்டினாராம். ஒரு பெயர்கூட அகப்படவில்லையாம். "தோட்டத்துத் தமிழனுக்கு இணையத்தில் வரலாறு கிடையாது" என்று கடிதத்தை முடித்திருந்தார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவர் பட்ட ஏமாற்றம் எனக்கும் உண்டு, ஆனாலும் அவர் வந்த முடிவை ஏற்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுருக்காமல் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். 2007-க்கு முன் இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். 1983-இல் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலைக்குச் சேர்ந்து, தோட்டம் கைமாறும் வரை 22 ஆண்டு அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். செக்ரோல், அதாவது ஆள் வருகைக் கூலிப் பதிவேடு, எழுதிய கை இது. ஆகவே காகிதத்தின் அருமையும் அது போனால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பின்னறையில் இருந்த இரும்பு அலமாரியைத் துடைக்கச் சொன்னார் பெரிய கிராணி. அடித்தட்டில் துணி அட்டை போட்ட நீளமான பேரேடு ஒன்று கிடந்தது. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே சிவப்பு மையில் கோடு இழுத்து, ஆள் எண், பெயர், தகப்பன் பெயர், கங்காணி (ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர்), சொந்த ஊர், சேர்ந்த நாள் என்று கட்டங்கள். எல்லாம் ஆங்கிலம். இறகுப் பேனாவால் எழுதியது போலச் சாய்ந்த எழுத்து. பக்கத்தைப் புரட்டப் புரட்ட எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, தாத்தாக்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். 214-ஆம் எண்ணில் என் அப்பாவின் அப்பா இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்தவர். அவர் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் முதுகில் மூன்றே விஷயம் குறித்துக்கொண்டேன். எண், கங்காணியின் பெயர், ஊர். ஊர்க் கட்டத்தில் 'கண்ணனூர், திருச்சினாப்பள்ளி' என்றிருந்தது. சேர்ந்த நாளை எழுத அன்று எனக்குத் தோன்றவில்லை. பேரேடு எங்கே போகப் போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

தோட்டம் விற்கப்பட்டபோது ஆபீசைக் காலி செய்ய ஒரே நாள்தான் கொடுத்தார்கள். அன்று நான் ஒரு வேலையாகப் பட்டணம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ரப்பர்பால் ஸ்டோருக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்தது. ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் முழுக்க ஓரம் கருகிய தாள்கள் பறந்தன. ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தேன். யாரோ ஒரு பால்மரத் தொழிலாளியின் சம்பளத்தில் அரிசிக்காகப் பிடித்த கணக்கு அது. பேரேடு போய்விட்டது. ஏறக்குறைய நானூறு குடும்பங்களின் ஊர்ப் பெயர் ஒரு மத்தியானத்தில் சாம்பலானது. வாங்கியவர்களுக்கு அது குப்பை. இதை நினைக்காத நாள் எனக்கில்லை.

நாட்காட்டித் தாள் மட்டும் என் திருமணச் சேலை மடிப்பில் தப்பியது.

அந்த ஜொகூர் அன்பருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். அவர் பணம் கட்டிய மாதிரித் தளங்கள் இங்கிலாந்து, அமெரிக்கக் குடிமதிப்புக் கணக்கையும் மாதாகோயில் பதிவேடுகளையும் வைத்து எழுந்தவை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் குடும்பப் பதிவுகளும் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள், சிப்பாய்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகளுடைய ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பற்றியவைதான். துரையின் கொள்ளுப்பேரன் தேடினால் துரை கிடைப்பார். துரை வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர் கிடைக்கமாட்டார். பணம் கட்டித்தான் தேட வேண்டும் என்பதும் இல்லை. ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் கணக்குத் திறக்கக் காசு வேண்டாம். முதலில் அங்கே பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் நத்தாலுக்குப் போன நம்மவர் கதையே வேறு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் நின்றது. அது தொடங்கி 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். ஒப்பந்தக் கூலிகளாகப் போனதால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களைப் படியெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். மொரிசியசில் மோக்கா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் முகப்படங்கள்கூட இருக்கின்றன. உங்கள் வீட்டில் "தாத்தாவின் அண்ணன் நத்தாலுக்குப் போனார்" என்று ஒரு பேச்சு இருந்தால் அதை லேசாக விடாதீர்கள். அண்ணனின் கிராமத்தை அந்தப் பட்டியல் சொன்னால் தம்பியின் கிராமமும் அதுதானே.

மலாயாவில் நிலைமை வேறு. ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. நம் பாட்டன்மாரில் பெரும்பாலோர் கங்காணி கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். தோட்டத்துத் துரை கங்காணிக்கு லைசென்சு வாங்கிக் கொடுத்து அனுப்புவார். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய் மாமன், மச்சான், பங்காளி, பக்கத்துத் தெரு என்று ஆள் திரட்டி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவார். ஒப்பந்தம் இல்லை, அதனால் நத்தால் மாதிரி ஆளுக்கொரு தாளும் இல்லை. அந்தக் கங்காணிதான் நமக்குப் பதிவேடு. உங்கள் பாட்டனார் எந்த ஊர் என்று தெரியாவிட்டால், அவரை அழைத்து வந்த கங்காணி எந்த ஊர் என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அதே ஊராக இருக்கும், தப்பினால் நாலு கல் தள்ளி இருக்கும். கங்காணிக்குத் தோட்டத்தில் செல்வாக்கு இருந்ததால் அவர் பெயர் கோயில் மணியில், தூணில், பந்தல் கணக்கில் எங்காவது வெட்டப்பட்டிருக்கும்.

எனக்கு இது உடனே புரியவில்லை. பணி முடிந்தபின் மகன் எனக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தான். கண்ணனூர் என்று தேடினோம். கேரளாவின் கண்ணூர் வந்தது. பழைய தமிழ்ப் பேச்சில் அதற்கும் கண்ணனூர் என்றுதான் பெயர். "நாம மலையாளத்து ஆளுங்களாம்மா?" என்று மகன் கேட்டான். தாளில் திருச்சினாப்பள்ளி என்று இருக்கிறதே என்றேன். அடுத்து சமயபுரம் வந்தது. மாரியம்மன் கோயில் இருக்கும் அந்த ஊருக்கு ச. கண்ணனூர் என்று பெயர், திருச்சி மாவட்டமும்தான். அம்மனே நம் ஊரா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்தவர்களிடமெல்லாம் சமயபுரம் என்றே சொல்லிவந்தேன்.

பாட்டி மழைநாளில் சொல்லும் ஒரு வார்த்தை ரொம்ப நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது. லயத்து வாசலில் உட்கார்ந்து, புக்கிட் (குன்று) பக்கம் கருத்து வரும்போது, "பச்சமலை இருண்டா படி தாண்டாது மழை" என்பார். பச்சைமலை என்றால் ஏதோ பசுமையான மலை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில், 1950-களில் அமெரிக்க இராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். திருச்சித் தாளை இறக்கி மகன் பெரிதாக்கிக் காட்டினான். துறையூருக்கு வடக்கே பச்சைமலை. மேற்கே கொல்லிமலை. துறையூருக்கும் முசிறிக்கும் நடுவில் இன்னொரு கண்ணனூர் இருந்தது. பாட்டி "சந்தைக்குத் துறையூர்" என்று சொன்னதும் அப்போதுதான் சேர்ந்தது. சமயபுரத்துக்காரி சந்தைக்குத் துறையூர் போகமாட்டாள்.

இணையத்தில் உள்ள எந்தத் தளத்தையும் விட அந்த ஒரு மழைப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. அதைச் சோதித்து உறுதிப்படுத்த மட்டுமே தளங்கள் உதவின. உங்கள் வீட்டில் எண்பது வயதில் ஒருவர் இருந்தால், "எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். "தெரியாது, இந்தியா" என்றுதான் பதில் வரும். எந்த மலை தெரியும், எந்த ஆறு, சந்தை எந்தக் கிழமை, எந்தச் சாமிக்கு முடி இறக்குவார்கள், பெண் எடுத்தது எந்த ஊரில், கப்பல் ஏற எத்தனை நாள் நடந்தார்கள் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பேச்சு வழக்கை மாற்றி எழுதாதீர்கள். 'படி' என்பதும் 'கொல்லை' என்பதும் எந்த வட்டாரத்துச் சொல் என்று பின்னால் யாராவது சொல்வார்கள்.

மாவட்டப் பெயர் பெரிய சிக்கல். நம் பழைய தாள்களில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா. தஞ்சாவூர் என்று எழுதியிருந்தால் அது இன்று நாகப்பட்டினமாக இருக்கலாம் (1991-இல் பிரிந்தது), திருவாரூராக இருக்கலாம் (1997), மயிலாடுதுறையாகவும் இருக்கலாம் (2020). தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. வடாற்காடு 1989-இல் வேலூர், திருவண்ணாமலை என்று பிரிந்தது. சேலம் என்று இருந்தால் தருமபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். திருச்சிக்குள்தான் இன்றைய பெரம்பலூர், அரியலூர், கரூர் இருந்தன. இது தெரியாமல் இன்றைய தஞ்சாவூருக்குள்ளேயே தேடிக் களைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

பழைய ஜில்லா எப்படி இருந்தது என்று பார்க்க, ஆங்கிலேயர் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திருச்சினாப்பள்ளிக்கு ஹெமிங்வே என்பவர் எழுதியது 1907-இல் வந்தது. துறையூர் அப்போது முசிறித் தாலுக்காவுக்குள் இருந்தது என்பதை அதில்தான் பார்த்தேன். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஏராளம்.

இன்றைய கிராமப் பெயருக்குத் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவுத் தளம். 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று முகப்பில் எழுதியிருக்கும். பட்டா பார்க்கச் சர்வே எண் வேண்டும், இந்தியக் கைத்தொலைபேசி எண்ணும் கேட்கும், அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் விரியும், வட்டத்தைத் தொட்டால் வருவாய்க் கிராமங்கள் எல்லாம் தமிழில் வரிசையாக இறங்கும். நமக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான். பாட்டி சொன்ன பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பட்டியலில் இறங்குங்கள். 'மேட்டூர்' என்று காதில் விழுந்தது 'மேட்டுப்பாளையமாக' இருக்கும், 'நல்லூர்' என்று கேட்டதற்கு முன்னால் ஓர் அடைமொழி இருக்கும். அடுத்து, தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வாக்காளர் பட்டியல் வாக்குச்சாவடி வாரியாகத் தமிழில் கிடைக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே தகப்பன் அல்லது கணவன் பெயர், வீட்டு எண், வயது.

அந்தப் பட்டியலைத் திறந்த இரவை எப்படிச் சொல்வது! பெரியசாமி, செல்லாயி, பிச்சாயி, மறுபடி பெரியசாமி, பெரியசாமி மனைவி, பெரியசாமி மகன். எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பெரியசாமி உண்டு, ஒரு செல்லாயி உண்டு. தோட்டத்தில் இந்தப் பெயர்கள் எங்கள் வீட்டில் மட்டும்தான் அடிக்கடி வந்தன, குலசாமிப் பெயர் என்று பாட்டி சொல்வார். இங்கே ஒரு கிராமமே அந்தப் பெயர்களோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் மனிதர்கள். அவர்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது தவறு. நமக்குப் பெயர்ப் பழக்கம் தெரிந்தால் போதும்.

பெயர் ஒத்துப்போவது சான்றாகாதே. சான்று வந்தது யூடியூப்பில். ஊர்ப் பெயரோடு 'கும்பாபிஷேகம்', 'திருவிழா' என்று சேர்த்துத் தேடினால் இப்போது சின்னச் சின்ன ஊர்க் காணொளி எல்லாம் வருகிறது. யாரோ ஓர் இளைஞர் கோயிலைச் சுற்றி நடந்தபடியே எடுத்தது. மேளச் சத்தம், பிள்ளைகள் ஓட்டம். ஒரு நொடி, பிராகாரச் சுவரில் பதித்த கருங்கல் பலகை. நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி நிறுத்திப் பார்த்தோம். உபயதாரர் பெயர்கள். நான்காவது வரியில் மலாய் நாடு என்று தொடங்கி ஒரு பெயர், 'கங்காணி உபயம்' என்று முடிந்தது. நடுவில் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியவில்லை. காணொளிக்குக் கீழே எழுதிக் கேட்டேன். பத்து நாள் கழித்து அந்தத் தம்பி ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, விபூதி தடவி எழுத்தை எடுப்பாக்கி, படம் எடுத்து அனுப்பினார். என் நாட்காட்டித் தாளில் இருந்த அதே கங்காணி பெயர். அவருடைய பேரப்பிள்ளைகள் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதம் கேட்காமல் பெயரை இங்கே எழுதவில்லை. படத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "எங்களுக்கே தெரியாதும்மா" என்றார்.

தாத்தா வந்த ஆண்டையும் இப்படித்தான் நெருங்கினேன். பாட்டி வந்த கப்பல் ரஜூலா. அது கட்டப்பட்டது 1926-இல், ஆக அதற்கு முன் வந்திருக்க முடியாது. ரப்பர் விலை விழுந்து 1930-இல் ஆள் எடுப்பு நின்றது, 1934-இல் திரும்பத் தொடங்கியது, 1938-இல் இந்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. பெரிய அத்தையைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இறங்கியதாகப் பாட்டி சொல்வார். அத்தையின் பழைய ஐசியில் (அடையாள அட்டையில்) பிறந்த ஆண்டு 1935. அப்படியானால் 1935-க்கும் 1938-க்கும் நடுவில். பேரேட்டில் இருந்த நாள் கட்டத்தை அன்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டியிருந்திருக்காது.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளத்தைத் தவறாமல் பாருங்கள். மலாயாவில் ஓடிய ஆங்கில நாளிதழ்களைச் சொல் போட்டுத் தேடலாம், தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன. ஒரு முக்கியமான விஷயம். பாட்டன் பெயரைப் போட்டுத் தேடினால் அநேகமாக வராது. அந்தக் காலச் செய்தியில் நம்மவர் 'ஒரு தமிழ்க் கூலி' என்றுதான் வருவார். ரஜூலா வந்து சேர்ந்த செய்தியில் மேல்வகுப்பில் வந்த துரைமார் பெயர் இருக்கும், கீழே டெக்கில் ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் வெறும் தொகையாக இருப்பார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆகவே தோட்டத்தின் பெயரைப் போடுங்கள். எங்கள் தோட்டத்து ஆங்கிலப் பெயரைப் போட்டபோது தீ விபத்து, வெள்ளம், கோயில் திருவிழா, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் என்று வரிசையாக வந்தது. ஊர்ப் பெயரையும் பழையபடி போட வேண்டும். பெஸ்தாரி ஜெயா என்றால் ஒன்றும் வராது, பத்தாங் பெர்ஜுந்தை என்றால் வரும். தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம்.

கோலாலம்பூரில் இருக்கும் நமது தேசிய ஆவணக் காப்பகம், அதாவது ஆர்கிப் நெகாரா, தன் கோப்புகளின் தலைப்புப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் மட்டுமே கடல்போல. தோட்டத்தின் பெயர், மாவட்டம், ஆண்டு என்று போட்டுக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போனால் வேலை சுலபம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேனில் போய் வாருங்கள்.

பெயர் எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்துசாமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஆறு விதமாக நானே செக்ரோலில் பார்த்திருக்கிறேன். 'டி-எச்' போட்டவர்கள் உண்டு, 'டி'யை இரட்டித்தவர்கள் உண்டு, கடைசியில் 'ஒய்', 'ஐ', 'டபிள்யூ' சேர்ந்த 'சாவ்மி' எல்லாம் உண்டு. 1948-இல் அவசரகாலத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோது எழுதியவருக்குக் காதில் விழுந்ததுதான் பெயர். அண்ணன் தம்பிக்கே தகப்பன் பெயர் இரண்டு விதமாக இருக்கும். அதனால் ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்று கைவிடாதீர்கள்.

இனி எனக்கு விடை கிடைக்காத ஒன்று. தாத்தாவின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, சப்பான்காரன் காலத்தில் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடப் போனவர். போனவர் என்று சொல்வது பழக்கம், உண்மையில் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரட்டில் நின்றவர்களைத் துப்பாக்கி முனையில் லாரியில் ஏற்றினார்கள் என்று பாட்டி சொல்வார். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த நேச நாட்டுப் போர்வீரர்களின் பெயர், எண், கல்லறை வரிசை எல்லாம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் ஒரு நிமிடத்தில் வரும். காஞ்சனபுரியில் அந்தக் கல்லறைகளுக்குப் புல் வெட்டி, பூச்செடி வைத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். நம் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேருக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. சின்னத் தாத்தாவின் பெயரை எத்தனை விதமாகப் போட்டும் எதுவும் வரவில்லை. நம் நாட்டில் தன்னார்வலர்கள் சிலர் இதற்கென்றே குடும்பக் கதைகளைச் சேகரித்து வருகிறார்கள். அவர்களிடம் போய்ச் சேர வேண்டியது நம் வீட்டுப் பேச்சு. வேறு எந்த ஆவணமும் இதற்குக் கிடையாது.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் ஒரு மூலை ஒதுக்குங்கள். கால் பக்கம் போதும். வாரம் ஒரு தோட்டம். அதன் ஆங்கிலப் பெயர், தமிழர் வாயில் வழங்கிய பெயர், எந்த ஆற்றோரம், எந்தச் சடக்கு (சாலை), கங்காணிகள் எந்தெந்த ஊர், கோயில் எந்தச் சாமி. நம் தோட்டங்களுக்கு நாம் வைத்த பெயர்கள் எந்த அரசாங்கக் கோப்பிலும் இல்லை. "பாட்டி பிறந்தது கம்பிப்பாலத் தோட்டம்" என்று மட்டும் தெரிந்த ஒரு பிள்ளை அதை வைத்துக்கொண்டு எந்தத் தளத்தில் எதைத் தேடும்? தோட்டத்தில் இருந்தவர்களில் இன்னும் நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே அச்சில் ஏற்றிவிட வேண்டும். அச்சில் வந்ததை யாராவது படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள், பிறகு தேடுகிறவருக்கு அது அகப்படும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில் ஒரு லயத்து மக்கள் ஐந்து ஊர்களுக்குச் சிதறினார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்கே திரும்பியவர்கள் உண்டு. ஒருவரிடம் தலை இருக்கிறது, இன்னொருவரிடம் வால் இருக்கிறது.

கோயில் நிர்வாகத்தினருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வரவு செலவு நோட்டு, கும்பாபிஷேக மலர், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாணவர் குழுப்படத்தின் பின்புறம், இவற்றை எடைக்குப் போடும் முன் கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். வெயில் படாத வெளிச்சத்தில், மேலிருந்து நேராக, பக்க எண் தெரியும்படி. நூறு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகாது. நானே வந்து எடுத்துத் தருகிறேன், தஞ்சோங் காராங், ஈஜோக், கோலசிலாங்கூர் வரை பஸ்ஸில் வர எனக்குச் சிரமமில்லை.

தொடக்கமாக எங்கள் தோட்டத்து விவரத்தை எழுதிவிடுகிறேன். நாங்கள் அழைத்த பெயர் கம்பிப்பாலத் தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தைக்கு வெளியே, சிலாங்கூர் ஆற்றுக்கு இக்கரை. மூன்று லயம், நடுவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மேட்டில் மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் பெரிய புளியமரம். கங்காணி ஊர் கண்ணனூர், பழைய முசிறித் தாலுக்கா, இன்று துறையூர் வட்டம். 1942, 1943-இல் இங்கிருந்து சயாமுக்கு ஏற்றப்பட்டவர்களில் 25 வயது மதிக்கத்தக்க ஒருவர், உயரமானவர், இடது முன்கையில் வேல் பச்சை குத்தியவர், உடுக்கை அடிப்பவர். அவரோடு ஒரே கொட்டகையில் இருந்ததாக உங்கள் தாத்தாவோ அப்பாவோ எப்போதாவது சொல்லியிருந்தால், பத்திரிகை வழியாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.